திட்டைக் கடைசிவரை கேட்டவர்

தன்னைத் திட்டி வருகிற வாய்ஸ் மெசேஜை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, அதைக் கேட்டுக்கொண்டே நிதானமாகச் சோறு தின்ற மனிதர் நான் பார்த்தவரையில் அவர் ஒருத்தர்தான். வளைகுடாவில், ஜெபல் அலி தொழிலாளர் கேம்பில் எத்தனையோ பேரோடு அறையைப் பகிர்ந்திருக்கிறேன். குறட்டைக்காரன், சாம்பிராணி போடுகிறவன், ஈரத்துண்டை அடுத்தவன் கட்டிலில் காயப்போடுகிறவன் என்று எல்லா ரகமும் பார்த்தாகிவிட்டது. இந்த ரகம் வேறு.

அவர் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினார். நானும் அதே கிடங்கில் அதே வேலைதான். அவருக்குக் கீழ்க்கட்டில், எனக்கு மேல்கட்டில். அவருக்கு ஊர் பட்டுக்கோட்டைப் பக்கம், எனக்கு அறந்தாங்கி. இதெல்லாம் கிடக்கட்டும். முக்கியமான விஷயம், அவர் எங்கள் கேம்ப் கிரிக்கெட் அணியின் வேகப்பந்து வீச்சாளர், நான் விக்கெட் கீப்பர். என் இடதுகை மோதிர விரல் இன்னும் நேராக நிற்காது. அது அவர் பந்தைப் பிடித்துக் கோணிப்போனது.

டேப் பால் தெரியும்தானே? டென்னிஸ் பந்தின் மேல் எலக்ட்ரீஷியன் டேப்பைச் சுற்றி ஆடுவது. அவர் பந்தை வேறு யாரும் சுற்றக் கூடாது. கட்டிலில் சம்மணம் போட்டு, சிவப்பு டேப்பைப் பல்லால் கடித்து, ஒரு பக்கம் வழவழவென்றும் மறுபக்கம் சற்றே சுருக்கம் விழுந்தும் அவரே சுற்றுவார். அந்தப் பந்து காற்றில் வளைந்து வந்து மட்டைக்காரனின் கால் கட்டைவிரல் இருக்கிற இடத்தில் விழும். எதிர் கேம்பின் பாகிஸ்தான் பட்டான்கள் அவர் ஓடிவரத் தொடங்கினாலே காலைப் பின்னால் இழுத்துக்கொள்வார்கள். அவரைச் ‘சாச்சா’, அதாவது சித்தப்பா, என்று கூப்பிடுவார்கள். அதில் பாதி மரியாதை, பாதி பயம்.

இது நான் கேம்புக்கு வந்த புதிதில். அப்புறம் வயது அதன் வேலையைக் காட்டியது.

முதலில் பந்து கொஞ்சம் தாமதமாக என் கைக்கு வந்தது. எனக்கு மட்டும்தான் தெரியும், நான் யாரிடமும் சொல்லவில்லை. அடுத்த சீசனில் மட்டைக்காரர்களுக்குத் தெரிந்தது. அதற்கடுத்த சீசனின் இறுதி ஆட்டத்தில் மொத்த கேம்புக்கும் தெரிந்துபோயிற்று. கடைசி ஓவர், ஜெயிப்பது எங்கள் கையில் இருந்தது. காலடியில் விழ வேண்டிய யார்க்கர் போடப் போய், தரையே தொடாத ஃபுல் டாஸ் ஆகிப்போனது. ஒன்றல்ல, வரிசையாக. பந்து டிரெய்லர் லாரிகளுக்கு அந்தப்பக்கம் போய் விழுந்துகொண்டே இருந்தது.

அன்று கேம்பின் வாட்ஸப் குரூப்பில் அவருக்கு நடந்தது கல்யாணம் இல்லை, கருமாதி. அவர் தொடையைப் பிடித்துக்கொண்டு நிற்கிற படத்தை ஸ்டிக்கராக்கி விட்டார்கள். சி பிளாக்கில் ஒரு வாயாடி இருந்தான். மன்னார்குடிக்காரன், ஆட்டம் ஆடத் தெரியாது, பேசத் தெரியும். அவன் குரல்தான் முதலில் வந்தது: “யோவ் பெருசு, வாழப்பழத்த உரிச்சு வாயில வச்சுவுட்ட மாதிரி போட்டியே, அவன் மெல்லக்கூட வேணாம்யா, முழுங்கிட்டுப் போயிட்டான். நாளையிலேர்ந்து உன்னைய கிரவுண்டுக்கு ஃபோர்க்லிஃப்ட்லதான் தூக்கிட்டு வரணும்.”

அறையில் ஒருவன் அடக்க முடியாமல் சிரித்துவிட்டான். இவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். அந்த மெசேஜ் முடிந்ததும் அடுத்தது, அதற்கடுத்தது. நான் ஸ்பீக்கரைக் குறைக்கக் கை நீட்டினேன். “இருக்கட்டும்ப்பா, முழுசா கேப்போம்” என்றார். ஒவ்வொன்றையும் கடைசிவரை கேட்டார். கேட்டுவிட்டு ஒவ்வொருவனுக்கும் கட்டைவிரலைத் தூக்கி ஒரு படம் அனுப்பினார். ஒருத்தனுக்கும் பதில் பேசவில்லை.

எனக்கு எரிச்சலாக வந்தது. மானம் ரோசம் இருக்கிற ஆள் குரூப்பை விட்டாவது வெளியே வருவான். கேட்டும்விட்டேன்.

“திட்டுறான்னா இன்னும் நம்மகிட்ட எதிர்பாக்குறான்னு அர்த்தம் தம்பி. அடுத்த ஆட்டத்துக்கு வந்து என் பந்தைப் பாப்பான்ல?”

இப்படி ஒரு கணக்கு வைத்திருந்தார். நல்ல கணக்குதான், யார் கண்டது.

ஒன்று சொல்ல வேண்டும். அவர் செல்போனுக்கு வேறு மெசேஜ்கள் அதிகம் வராது. ஊரிலிருந்து மனைவி பேசுவார். அந்தப் பேச்சை மேல்கட்டிலில் இருந்து பலமுறை கேட்டிருக்கிறேன். ம், சாப்பிட்டாச்சு, ம், அனுப்பிட்டேன், சரி, வைக்கவா. முடிந்தது. புருசன் பெண்டாட்டி சண்டை என்று எங்கள் அறையில் எல்லாருக்கும் ஒன்று நடக்கும், வராந்தாவுக்குப் போய்க் கத்திவிட்டு வருவார்கள். இவருக்கு அது நடந்ததே இல்லை. குணவதி வாய்த்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

இங்கே சீசன் என்றால் குளிர்காலம். அக்டோபரில் தொடங்கி வெயில் ஏறுவதற்குள் முடிந்துவிடும். கோடையில் கிரவுண்டில் நாய்கூட நிற்காது. அதனால் கம்பெனி இரண்டு வருடத்துக்கு ஒருமுறை தருகிற லீவை அவர் எப்போதும் கோடையிலேயே எடுப்பார். பொங்கல், தீபாவளி எதற்கும் ஊரில் இருந்ததில்லை. மகள் பெரியவளானதுகூட சீசன் நடுவில். சடங்கைச் செல்போனில் பார்த்துவிட்டு ஆட்டத்துக்குப் போனார். ஊருக்குப் போய்வந்து அவர் சொல்லும் கதைகளிலும் ஊர் இருக்காது. கொல்லைச் சுவரில் பந்தைப் போட்டுப் பழகினேன், தோள் நன்றாக இருக்கிறது என்பார்.

அந்த இறுதி ஆட்டத்துக்குப் பிறகு வந்த கோடையில் அவருடைய லீவு முறை. மகள் பிளஸ் டூ முடித்து, திருச்சியில் நர்சிங் காலேஜில் சேரப்போகிறாள். அப்பா வந்து ஹாஸ்டலில் கொண்டுபோய் விட வேண்டும் என்பது அவள் ஆசை. லீவையும் அதற்குத் தோதாகத்தான் போட்டிருந்தார். மே மாதம் ஒருநாள் டூட்டி பஸ்ஸில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, “என் லீவுல நீ போயிட்டு வா தம்பி. நான் சூப்பர்வைசர்கிட்ட பேசிட்டேன்” என்றார்.

ஒரே கிடங்கில் இரண்டு ஃபோர்க்லிஃப்ட்காரர்கள் ஒரே சமயத்தில் ஊருக்குப் போக முடியாது. என் முறை குளிர்காலத்தில்தான் வரும். மாம்பழக் காலத்தில் ஊர் என்றதும் எனக்கு வாயெல்லாம் பல். ஏன் என்று பிறகுதான் கேட்டேன்.

“அக்டோபருக்குள்ள யார்க்கர் திரும்பிரணும். ஊருக்குப் போனா உடம்பு விட்டுரும்.”

என்னால் நம்ப முடியவில்லை. மண்ணுக்கு நடுவில் ஒரு சிமெண்ட் பட்டை, அதுதான் எங்கள் கிரவுண்ட். ஜெயித்தால் ஒரு பிளாஸ்டிக் கோப்பை, தோற்றால் பிரியாணி மட்டும். என் குளிர்கால முறை அவருக்கு வந்தாலும் சீசனை விட்டுப் போக மாட்டார். அதற்கு ஒரு மனுசன் இரண்டு வருட லீவை விடுவானா? விட்டார். வீட்டில் என்ன சொன்னார் என்று கேட்டதற்கு, “கம்பெனியில லீவு தரலன்னு சொல்லிட்டேன்” என்றார். அதை டேப் கிழிக்கிற நேரத்தில் சொன்னார், என்னைப் பார்க்காமல்.

போகும்போது வழக்கப்படி வீட்டுக்கு ஒரு பார்சல் தந்தனுப்பினார். கேம்பில் யார் ஊருக்குப் போனாலும் மற்றவர்களின் பார்சல் அவன் தலையில்தான் விழும். பால் பவுடர், தைலம், சென்ட், மகளுக்கு ஒரு கைக்கடிகாரம். எடுத்துக்கொண்டு பட்டுக்கோட்டைக்கு பஸ் ஏறினேன்.

அவர் மனைவியை அன்றுதான் முதலில் பார்த்தேன். ஒல்லியான உடம்பு, நிமிர்ந்த நடை. காப்பி கொடுத்துவிட்டு எதிரில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். பார்சலைப் பிரிக்கவில்லை.

“உங்களுக்கும் அதே வேலைதானே தம்பி?”

ஆமாம் அண்ணி என்றேன்.

“அவருக்கு மட்டும்தான் லீவு இல்லையாக்கும்.”

நான் காப்பி டம்ளருக்குள் பார்த்துக்கொண்டிருந்தேன். பொய்யை என் வாயில் யாரும் கட்டிவிடவில்லை, ஆனாலும் அது பார்சலோடு சேர்ந்து வந்துவிட்டது. அண்ணி என்னைக் கொல்லைக்குக் கூட்டிக்கொண்டு போனார். சுவரில் முழங்கால் உயரத்துக்குப் பூச்சு உதிர்ந்து செங்கல் தெரிந்தது. “ஆட்டந்தானே?” என்றார்.

“முன்னல்லாம் மல்லுக்கு நிப்பேன் தம்பி. இந்தச் செவுத்துக்காகவே எத்தனை சண்டை. இப்ப எதுவும் சொல்றதில்ல. சொல்லி என்னாவப் போவுது?”

கோபமாகச் சொல்லவில்லை. கரண்டு போய்விட்டது, வந்தால் வரும் என்கிற மாதிரி சொன்னார். நான் கிளம்பும்போது எலுமிச்சை ஊறுகாய் பாட்டிலைப் பாலித்தீனில் இறுக்கிச் சுற்றிக் கையில் தந்தார். அண்ணனிடம் என்ன சொல்லட்டும் என்று கேட்டேன். “ஒண்ணும் சொல்ல வேணாம், ஊறுகாயைக் குடுத்துருங்க” என்றார். அவரைக் குணவதி என்று நினைத்தேனே, அந்த நினைப்பை அந்த வாசலிலேயே விட்டுவிட்டு வந்தேன்.

ஆகஸ்டில் நான் திரும்பியபோது அவர் பாதியாக இருந்தார். வயிறு உள்ளே போயிருந்தது, முகம் கருத்து எலும்பு தெரிந்தது. ஊறுகாய் பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“என்ன சொன்னா?”

“ஒண்ணும் சொல்லலண்ணே.”

“ஒண்ணுமேவா?”

“ஒண்ணுமே சொல்லல.”

கொஞ்ச நேரம் கழித்து, நான் சட்டையை மாற்றிக்கொண்டிருந்தபோது, திட்டினாளா என்று மறுபடி கேட்டார். இல்லை என்றேன். பாட்டிலைக் கட்டிலுக்கு அடியில் வைத்துவிட்டு வெளியே போய்விட்டார்.

கோடையில் எப்படிப் பழகினார் என்று அன்று மாலைதான் பார்த்தேன். டூட்டி பஸ் வந்து நின்றதும் மற்றவர்கள் ஏசியைத் தேடி ஓடுவார்கள். இவர் கிரவுண்டுக்குப் போவார். மாலை என்று பெயரே தவிர, காற்று இட்லிக் கொப்பரையைத் திறந்த மாதிரி முகத்தில் அடிக்கும். மட்டைக்காரன் கால் இருக்கிற இடத்தில் ஒரு பழைய சேஃப்டி ஷூவை வைத்திருந்தார். முனையில் இரும்பு வைத்த ஷூ. ஓடிவந்து போடுவார். பந்து சரியாக விழுந்தால் ‘ணங்’ என்று சத்தம் வரும். பெரும்பாலும் வரவில்லை. பந்து ஷூவைத் தாண்டி மண்ணில் உருண்டு போகும். அவரே நடந்து போய் எடுத்துக்கொண்டு, அவ்வளவு தூரமும் நடந்து திரும்பி வந்து, மறுபடியும் ஓடிவருவார்.

நாலு பந்து வாங்கிக்கொண்டால் இப்படி நடக்க வேண்டாமே என்றேன். நாலு பந்து இருந்தால் முதல் பந்தில் செய்த தப்பு மறந்துபோகும் என்றார். பந்தை எடுக்க நடக்கிற நேரத்தில்தான் அதை யோசிக்க முடியுமாம். ஒரு கோடை முழுக்க அந்த மனிதர் தப்பை யோசித்துக்கொண்டு நடந்திருக்கிறார். கூட ஒருத்தரும் இல்லை.

காலேஜ் திறப்பது கொஞ்சம் தள்ளிப்போய், மகள் சேர்ந்த அன்றும் அவர் அங்கேதான் நின்றார். வீடியோ காலில் ஹாஸ்டல் அறையைச் சுற்றிக்காட்டினாள் பிள்ளை. கையில் அவர் அனுப்பிய கடிகாரம். ஏன்ப்பா இப்படி வேர்த்துக்கொட்டுது, டூட்டியிலயா இருக்கீங்க என்று கேட்டாள். ஆமாம்மா, டூட்டிதான் என்றார். பக்கத்தில் அந்த ஒற்றை ஷூ கிடந்தது. நான் மண்ணைக் காலால் கிளறிக்கொண்டு நின்றேன்.

அந்த மாதங்களில் குரூப் செத்துக் கிடந்தது. ஆட்டம் இல்லாமல் யார் பேசுவார்கள்? இவர் சாப்பிடும்போது பழைய மெசேஜ்களைத் தேடி எடுத்து ஸ்பீக்கரில் போடுவார். வாழப்பழத்த உரிச்சு வாயில வச்சுவுட்ட மாதிரி. எங்களுக்கே மனப்பாடமாகிவிட்டது. அறையில் யாரும் சிரிப்பதில்லை, அவர் மட்டும் லேசாகச் சிரித்துக்கொள்வார். அந்தச் சிரிப்பைப் பார்க்க எனக்குப் பிடிக்காது.

செப்டம்பர் முடிகிற சமயத்தில் ‘ணங்’ சத்தம் அடிக்கடி கேட்கத் தொடங்கியது. சும்மா சொல்லக் கூடாது, நான் கிளவுஸ் போட்டுக்கொண்டு பின்னால் நின்று பிடித்தேன், உள்ளங்கை எரிந்தது. பழைய ஆள் வந்துவிட்டார் என்றே நினைத்தேன்.

புது சீசனுக்கு முன்னால் ஜெர்சி அடிப்பார்கள். கேப்டன் அறை அறையாக வந்து ஆட்டக்காரர்களிடம் சைஸ் கேட்பான். கடலூர்ப் பையன், கம்பெனி ஆபீஸில் வேலை, ரொம்ப மரியாதைக்காரன். எங்கள் அறைக்கும் வந்தான். என்னிடம் எக்ஸ்எல்லா என்று கேட்டான். அவரிடம் சாப்பிட்டாச்சாண்ணே என்று கேட்டான். சைஸ் கேட்கவில்லை. அவன் போன பிறகு இவர் கதவைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மறந்திருப்பான், நாளைக்கு வருவான் என்று என்னிடம் சொன்னார்.

தேரா கடைத்தெருவில் அடித்து ஜெர்சிகள் வந்தன. ஆட்டத்துக்கு முன் எல்லாரையும் நிற்கவைத்து, அவருக்குத்தான் முதலில் கொடுத்தான், இரண்டு கையாலும். முதுகில் பேர் இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கிலத்தில் ‘கோச்’ என்று இருந்தது. எல்லாரும் கை தட்டினோம். வேறு என்ன செய்வது? அவர் போட்டுக்கொண்டார். தொளதொளவென்று முழங்கை வரை தொங்கியது. சைஸ் எப்படிப்பா தெரிஞ்சுது என்று கேட்டார். குத்துமதிப்பா சொல்லிட்டோம்ணே என்றான் கேப்டன்.

அன்றைக்கு அவர் விதியோ என்னவோ, துறைமுகத்தில் கப்பல் வந்து எங்கள் பந்துவீச்சாளன் ஒருவனை ஓவர்டைமுக்கு இழுத்துக்கொண்டார்கள். ஒரு ஆள் குறைந்தது. கேப்டன் தயங்கித் தயங்கி இவரைப் பார்த்தான். அவன் வாய் திறப்பதற்குள் இவர் ஷூ லேஸ் கட்ட உட்கார்ந்துவிட்டார்.

எதிரில் அதே பட்டான்கள். முதல் ஓவர், மூன்றாவது பந்து. ஓடிவந்தார், கை சுழன்றது. நான் குனிந்து காத்திருக்கிறேன், பந்து என்னிடம் வரவில்லை. ஸ்டம்பின் அடியில் போய் அடித்து அது சாய்ந்து கிடந்தது. மட்டைக்காரன் தன் கால் விரலைக் குனிந்து பார்த்தான். கேம்பே எழுந்து கத்தியது. சி பிளாக் வாயாடி சட்டையைக் கழற்றிச் சுழற்றினான். அவர் கை தூக்கவில்லை, என்னை மட்டும் பார்த்தார். அந்த ஒரு பந்துக்காகத்தான் அவர் ஊருக்குப் போகவில்லை.

இரண்டாவது ஓவரில் தொடை பிடித்துக்கொண்டது. அவர் சொல்லவில்லை, போட்டுக்கொண்டே இருந்தார். பந்து டிரெய்லர்களைத் தாண்டியது, மறுபடியும் தாண்டியது. கேப்டன் வந்து தோளில் கைபோட்டு, போதும்ணே, ரெஸ்ட் எடுங்க என்று ஓரத்துக்கு அழைத்துப் போனான். ஆட்டம் தோற்றது. பட்டான் கேப்டன் நொண்டி நடந்தவரைத் தேடி வந்து கட்டிப்பிடித்து, “சாச்சா, அச்சா பால்” என்றான், நல்ல பந்தாம்.

சாயங்காலம் அறையில் பிரியாணிப் பொட்டலத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு செல்போனைப் பக்கத்தில் வைத்தார். நான் மனசைத் திடப்படுத்திக்கொண்டேன். குரூப்பில் வந்ததெல்லாம் கும்பிடுகிற கை. அண்ணன் நல்லா முயற்சி பண்ணாரு. அண்ணனுக்கு ஒரு சல்யூட். கடைசியில் சி பிளாக் வாயாடியின் குரல் வந்தது. இவர் சத்தத்தைக் கூட்டினார்.

“யாரும் அந்த மனுசன ஒண்ணும் சொல்லாதீங்கப்பா. பாவம், வயசான காலத்துல ஏதோ ஆசைக்கு ஓடுறாரு.”

அவ்வளவுதான். இன்னும் ஏதாவது வருமென்று திரையைப் பார்த்துக்கொண்டு இருந்தார். வரவில்லை. கட்டைவிரல் அனுப்பவில்லை. பிரியாணி அப்படியே ஆறியது.

“ஒருத்தனும் திட்டலையே தம்பி.”

ஏதாவது கேலியாகச் சொல்லி அவரைச் சீண்டலாம் என்று பார்த்தேன். எனக்கும் அவரைத் திட்ட வாய் வரவில்லை. அவர் பந்தை எடுத்து டேப்பை உரிக்க ஆரம்பித்தார். சுற்றுச் சுற்றாக முழுதும் உரித்தார். உள்ளே இருந்த டென்னிஸ் பந்து மஞ்சளாக, மயிர் அமுங்கி, புதிதாகப் பிறந்த மாதிரி இருந்தது.

மறுநாள் சூப்பர்வைசரிடம் கேன்சல் எழுதிக் கொடுத்துவிட்டார். லீவு இல்லை, மொத்தமாக ஊருக்கு. சீசன் நேரத்தில் பெருசு ஊருக்குப் போகிறதா என்று கேம்பில் யாருமே நம்பவில்லை. கம்பெனி வேனில் ஏறும்போது பெட்டியை நான்தான் தூக்கி வைத்தேன். கோச் ஜெர்சி கட்டிலில் மடித்தபடி இருந்தது, மறந்து வைத்துவிட்டார் என்று ஓடினேன். வேண்டாம் என்று கையைக் காட்டினார்.

அதன்பிறகு நான் என்ன மெசேஜ் அனுப்பினாலும் கட்டைவிரல்தான் வரும். எப்படி இருக்கீங்கண்ணே, கட்டைவிரல். அண்ணி பேசுறாங்களா, அதற்குப் பதிலே இல்லை. நானும் விட்டுவிட்டேன். கீழ்க்கட்டிலுக்கு யாரும் வரவில்லை, அதில் என் துணிகளைப் போட்டு வைத்தேன். அவர் இல்லாத அறையில் சாப்பாடு சீக்கிரம் முடிந்துவிடுகிறது.

சீசன் முடிகிற சமயம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். மற்றவர்கள் ஆட்டம் பார்க்கப் போயிருந்தார்கள். எனக்கு விரல் வீங்கி நான் அறையில் இருந்தேன். தட்டில் சோறு போட்டு உட்கார்ந்தபோது அவரிடமிருந்து ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது. ஸ்பீக்கரில் போட்டேன்.

அவர் பேசவில்லை. டப், டப் என்று சுவரில் பந்து படுகிற சத்தம் மட்டும். அப்புறம் தூரத்திலிருந்து ஒரு குரல் கிட்டே வந்தது.

“இப்பத்தானே ஆள் வச்சுப் பூசுனேன், அதுக்குள்ள பேத்தாச்சா? இந்த வேகாத வெயில்ல மண்டையில ஒரு துண்டாவது போடக்கூடாதா? பேரன் எடுக்கிற வயசுல என்னா ஆட்டம் வேண்டிக்கெடக்கு? எத்தனை தடவ கூப்புடுறது, சோறு ஆறிப்போயி ஐஸா கெடக்கு, நான் என்ன ஒங்களுக்குச் சம்பளத்துக்கா பொங்கிப் போடுறேன்...”

நிற்கவில்லை. சுவரில் தொடங்கி லீவுக்குப் போயிற்று, மகளின் ஹாஸ்டலுக்குப் போயிற்று, விட்டுப்போன பொங்கல் தீபாவளிக்கெல்லாம் போயிற்று. பந்துச் சத்தம் எப்போதோ நின்றிருந்தது. அவர் குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை, செல்போனையும் அணைக்கவில்லை.

நான் சோற்றைப் பிசைந்தபடி முழுசாகக் கேட்டேன். கேட்டு முடித்து, இடதுகையால் அவருக்கு ஒரு கட்டைவிரல் அனுப்பினேன்.